பேர் பெரிதா, பாட்டுப் பெரிதா?

ஆஸ்திரியா தேசத்துச் சால்ஸ்புர்க் நகரில் பழைய சங்கீதக் கைப்பிரதி ஒன்று இருக்கிறது. அது கத்தோலிக்கருடைய பாட்டுப்பூசைக்காக எழுதப்பட்டது. ஒன்றல்ல, பத்தல்ல, 53 பாகங்கள்! பாடகர், வயலின்காரர், குழலூதுவோர், எக்காளக்காரர், முரசடிப்போர் யாவரும் தனித்தனிக் கூட்டமாக நின்று ஒருவருக்கொருவர் மறுமொழி சொல்வதுபோல் அமைந்த பேரிசை அது. கைப்பிரதியில் கர்த்தாவின் பெயர் மட்டும் இல்லை.

இக்கைப்பிரதி பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெளிப்பட்டதும் பண்டிதர்கள் ஒரு பெயரைத் தேடிப் பிடித்தார்கள். சால்ஸ்புர்க் பேராலயம் 1628-இல் அபிஷேகம் செய்யப்பட்டது. இத்தனை பெரிய பாட்டு அவ்விழாவுக்கே எழுதப்பட்டிருக்கவேண்டும். எழுதியவர் ரோமாபுரியின் ஓராட்சியோ பெனவோலியே என்றார்கள். 1903-இல் கீடோ ஆட்லர் என்னும் அறிஞர் அந்தப் பெயரோடேயே அச்சிட்டுவிட்டார். பெரிய சாமான் என்றால் பெரிய கடையில்தான் வாங்கியிருக்கவேண்டும் என்று நினைக்கும் மனம் எல்லாத் தேசத்திலும் உண்டுபோலும்!

பெனவோலி பிறந்தது 1605-இல். விழா நடந்தபோது அவருக்கு வயது இருபத்துமூன்று. அதையாவது ஒருவாறு ஒப்புக்கொள்ளலாம். ஆனால், சீவாளி வைத்து ஊதும் ஓபோ என்னும் வாத்தியத்துக்கும் இப்பாட்டில் பாகம் எழுதப்பட்டிருக்கிறதே! அவ்வாத்தியமோ பதினேழாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கு மேல் பிரான்சு தேசத்தில் உருவானது. பிறவாத குழலுக்கு 1628-இல் ஸ்வரம் எழுதியவர் யார்? ஏட்டைக் கண்ணால் பார்த்தவர்களுக்கு இக்கேள்வி எழாமற் போனதே எனக்கு வியப்பு.

1970-களில் எர்ன்ஸ்ட் ஹிண்டர்மையர் என்னும் ஆராய்ச்சியாளர் ஏட்டின் காகிதத்தையும் எழுத்தையும் சோதித்து, அது சால்ஸ்புர்க்கிலேயே அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுதப்பட்டதெனக் காட்டினார். 1682-இல் அந்த அதிமேற்றிராசனம் தன் ஆயிரத்து நூறாம் ஆண்டு விழாவைக் கொண்டாடியது. பாட்டு அவ்விழாவுக்கே உரியது என்பது இப்போது பெரும்பாலோர் கொள்கை.

பிழையான பெயரால் நஷ்டம் ஒருவருக்கு மட்டும் அன்று. பெனவோலி ரோமாபுரியில் எழுதியவை பெரும்பாலும் பல பாடகர் குழுக்கள் ஆர்கனோடு பாடுவதற்கானவை. தாம் எழுதாத இந்த முழக்கத்தைக்கொண்டு அவர் எடைபோடப்பட்டார். சால்ஸ்புர்க் அரண்மனையில் சம்பளத்துக்கு உழைத்த உள்ளூர் வித்வானோ எழுபது ஆண்டுகளுக்கு மேல் மறைக்கப்பட்டார்.

அவர் யார்? ஹைன்ரிக் பீபர் என்பார் பலர். அந்நாளில் அங்கே தலைமை வித்வானாக இருந்த அந்திரேயாஸ் ஹோபர் என்பாரும் உண்டு. வயலினில் நிகரற்றவரான பீபர், எக்காளத்தையும் நரம்பு வாத்தியத்தையும் எதிரெதிரே நிறுத்தித் தம் மற்றப் பாட்டுகளில் கையாண்ட முறையே இதிலும் தெரிகிறது. ஆதலின் என் மனம் பீபர் பக்கமே சாய்கிறது. ஆயினும் அது தீர்ப்பன்று.

பாட்டு ஒரே சுருதியை விட்டு நகருவதில்லை என்று குறைகூறுவோரும் உளர். அக்காலத்து எக்காளம் இயற்கையாக எழும்பும் சில ஸ்வரங்களையே தரவல்லது. அது முழங்குமிடத்தில் மற்றவையும் அதன் சுருதியிலேயே நின்றாகவேண்டும். பேராலயத்தின் தூண்களையொட்டிய மாடங்களில் வாத்தியக்காரர் பிரிந்து நின்று இசைத்ததை 1682-ஆம் ஆண்டுச் சித்திரம் ஒன்று காட்டுகிறது. ஒரு மாடத்து ஒலி எதிர்மாடத்தைச் சென்று தொடும் அந்த அகன்ற வெளியை மனத்தில் வைத்தே இப்பாட்டைக் கேட்கவேண்டும். இக்காலத்து இசைத்தட்டுகளில் பீபரின் பெயரே அச்சிடப்படுகிறது. ஏட்டிலுள்ள வெற்றிடமோ அப்படியே இருக்கிறது.