மூக்கைப் பிடித்துப் பேசிய குரல்

வாடகைக்கு அறை தேடும் ஆதா, தொலைபேசியை எடுப்பதற்கு முன் மூக்கை அமுக்கிப் பிடித்துக்கொண்டு பேசிப் பழகுகிறாள். தன் குரலில் ஆப்பிரிக்கா கேட்டுவிடக் கூடாது. குரல் தேறிவிட்டது, நேரில் போனதும் முகம் காட்டிக்கொடுத்தது. அறை சற்றுமுன்தான் போய்விட்டதாம். நைஜீரியாவிலிருந்து லண்டனுக்குக் குடிபோன புச்சி எமெசெட்டா 1974இல் வெளியிட்ட 'செகண்ட் கிளாஸ் சிட்டிசன்' நாவலில் வருகிற இடம் இது. ஒரு வசைச்சொல் கிடையாது, ஓர் அடிதடி கிடையாது. குடியேறியோர் இலக்கியத்தை எடைபோட எனக்கு இந்தக் காட்சிதான் படிக்கல்.

லண்டனின் இந்த எழுத்து மரபை 1948 ஜூனில் டில்பரி துறைமுகம் வந்துசேர்ந்த 'எம்பயர் விண்ட்ரஷ்' கப்பலிலிருந்து தொடங்குவது வழக்கம். கரீபியத் தீவுக்காரர்கள் கையில் பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டோடு இறங்கினார்கள். அந்த அலையின் தலையாய கதைசொல்லி சாம் செல்வன், 1923இல் டிரினிடாடில் பிறந்தவர். பெயரைப் பார்த்து நம் ஆளோ என்று எண்ணினால் தவறில்லை. அவருடைய தந்தை மதராஸிலிருந்து போனவர்.

'தி லோன்லி லண்டனர்ஸ்' (1956) நாவலை முதலில் இலக்கண ஆங்கிலத்தில் எழுதப் பார்த்தார் செல்வன், நகரவில்லை. டிரினிடாட் தெருப்பேச்சுக்கு மாறியதும் ஓட்டம் பிடித்தது. பாத்திரங்களின் பேச்சு மட்டுமல்ல, கதை சொல்பவனின் குரலும் அதே பேச்சுதான். கரிசல் பேச்சில் கி.ரா. கதை சொல்வதைக் கேட்டவர்களுக்கு இதன் அருமை விளங்கும். வாட்டர்லூ நிலையத்தில் கடுங்குளிரில், டூத்பிரஷ் ஒன்றே சாமானாக வந்திறங்குகிறான் கலஹாட். வேலைவாய்ப்பு அலுவலகம் அவனைப் போன்றவர்களின் தாளில் நிறத்தைக் குறித்துவைக்கிறது. பசி முற்றியதும் பூங்காவில் புறா பிடிக்கிறான். சிரித்துக்கொண்டே படிக்கிறோம், சிரிப்பு எந்த இடத்தில் நின்றது என்று தெரிவதில்லை.

இதற்கு நேரெதிர் ரகம் ஈ. ஆர். பிரெய்த்வெயிட்டின் 'டு சர், வித் லவ்' (1959). விமானப்படையில் இருந்த படித்த கறுப்பர் ஒருவர் தகுதிக்கேற்ற வேலை கிடைக்காமல், கிழக்கு லண்டனில் வாத்தியாராகிறார். நேர்மையான சாட்சியம். ஆனால் கோட்டு சூட்டு கசங்காத அந்த நாயகன், தான் மதிப்புக்குரியவன் என்று பக்கத்துக்குப் பக்கம் நிரூபித்துக்கொண்டே இருக்கிறார். செல்வனின் பையன்களுக்கு அந்தக் கவலை இல்லை. என் ஓட்டு அவர்களுக்கே.

சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்த கமலா மார்க்கண்டேயாவின் 'தி நோவேர் மேன்' (1972) அதிகம் பேசப்படவில்லை. 2019இல் மறுபடி அச்சேறியது. அதன் நாயகன் சீனிவாஸ் தென்லண்டனில் சொந்த வீட்டில் பல பத்தாண்டுகள் வாழ்ந்தவர், மனைவியின் அஸ்தியைத் தேம்ஸ் நதியில் கரைத்தவர். அறுபதுகளின் இறுதியில் தெரு திடீரென்று அவரை அந்நியனாகப் பார்க்கிறது. வந்திறங்கியவனின் துயரத்தை எழுதப் பலர் உண்டு; வேர்விட்ட பிறகு பிடுங்கப்படுபவனை எழுதியவர்கள் குறைவு.

அடுத்த தலைமுறைக்குக் கூச்சம் போய்விட்டது. ஹனிஃப் குரேஷி கேலியால் அடித்தார். ஆண்ட்ரியா லீவியின் தந்தை விண்ட்ரஷ்ஷில் வந்தவர். லீவி தமது 'ஸ்மால் ஐலண்ட்' (2004) நாவலை நால்வர் குரலில் சொன்னார். நான்காமவன் பெர்னார்ட் நிறவெறியன். அவனுக்கும் 'நான்' என்று பேச இடம் கொடுத்தார். பாதிக்கப்பட்ட தரப்பிலிருந்து இதைச் செய்ய நெஞ்சுரம் வேண்டும்.

இன்னொருவர் அ. சிவானந்தன். செல்வனைப் போல அவரும் 1923இல் பிறந்தவர்தான், கொழும்பில். 1958 கலவரத்தால் இலங்கையை விட்டு லண்டன் வந்த அவரை அதே ஆண்டு நாட்டிங் ஹில் நிறவெறிக் கலவரம் வரவேற்றது. நூலகராகத் தொடங்கி, பிரிட்டனின் இனவெறி எதிர்ப்புச் சிந்தனைக்கே தூணானார். கட்டுரைகளில் லண்டனை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் போட்ட மனிதர், 1997இல் எழுதிய ஒரே நாவலான 'வென் மெமரி டைஸ்'ஸை முழுக்க இலங்கையில், மூன்று தலைமுறைக் கதையாக நிறுத்திக்கொண்டார். கப்பலேறும் முன்பு நடந்தது எது என்பதே அவருக்குச் சொல்ல வேண்டியிருந்தது.