உடைந்த கேமராக்களின் சாட்சியம்

வீட்டு விசேஷங்களைப் பதிவதற்கென விற்கப்படும் சிறு வீடியோ கேமராவைத் தொழில்முறை ஒளிப்பதிவாளர் பலர் விளையாட்டுப் பொருளாகவே கருதிவந்துள்ளனர். படம் நடுங்கும், ஒலி தெளிவாயிராது, ஆர்வத்தால் படம்பிடிப்போர்க்குக் கலைநுட்பம் தெரியாது என்பன அவர்தம் வாதங்கள். இவை பொய்யல்ல. ஆயினும், இவற்றைக் கொண்டே ஒரு பதிவை எடைபோட்டுவிடலாகாது என்பதற்கு, 2011இல் வெளிவந்த ‘ஐந்து உடைந்த கேமராக்கள்’ என்னும் ஆவணப்படம் தக்க சான்றாகும்.

ஃபலஸ்தீனின் ரமல்லா நகருக்கு மேற்கேயுள்ள பில்ஈன் கிராமத்தவர் இமாத் புர்னாத். 2005இல் நான்காம் மகன் ஜிப்ரீல் பிறந்தபோது, குழந்தையைப் படம்பிடிக்கவே முதல் கேமராவை வாங்கினார். அக்காலத்தில்தான் ஊரார் நிலத்தை ஊடறுத்து இஸ்ரேலின் தடுப்பு எழலாயிற்று. வெள்ளிதோறும் நடந்த எதிர்ப்பு ஊர்வலங்களையும் அவர் பதிவுசெய்தார். ஒன்றன்பின் ஒன்றாக ஐந்து கேமராக்கள் சிதைந்தன. அவற்றின் ஆயுட்காலங்களே படத்தின் பகுதிகளாய் அமைந்தன.

ஊர்ப் பிள்ளைகளின் அன்புக்குரிய பாஸிம் அபூ ரஹ்மா, 17.4.2009 அன்று கண்ணீர்ப்புகைக் குண்டு மார்பில் தாக்கி உயிர்நீத்தார். வெளியூர்ச் செய்தியாளருக்கு அந்த மரணம் ஒருநாள் செய்தி. இமாதின் கேமராவிலோ அதற்கு முந்தைய ஆண்டுகளின் சிரிப்பும் இருந்தது. ஆகவேதான் அவ்விழப்பு நம் வீட்டு இழப்பாகிறது.

தேர்ந்த இஸ்ரேலிய இயக்குநர் கய் டேவிடி இணைந்து செப்பனிட்டதால் அன்றோ இது படமாயிற்று என வினவுவர். அவர் பங்கை மறைப்பது நேர்மையன்று. ஆண்டுக்கணக்கில் குவிந்த பதிவுகளுக்கு ஒழுங்கு தந்தது தொழில்தேர்ச்சியே. ஆனால் தொகுப்பவர் உள்ளதைத் தேர்வாரேயன்றி, பதிவாகாத ஒரு நாளைப் படைத்தளிக்க இயலாது. மேலும், காட்சியே பேசும் சில இடங்களில் பின்னணி உரை குறுக்கிட்டு விளக்குகிறது. அங்கெல்லாம் செப்பமே குறையாகிவிடுகிறது.

அரபியில் ‘ஷஹித’ என்னும் வினைச்சொல் உடனிருத்தலையும் சாட்சியாதலையும் ஒருங்கே குறிக்கும். உடனிருந்தவனே சாட்சி. 2013இல் இப்படம் ஆஸ்கர் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது தொழிலுலகம் தந்த மதிப்பு. அதற்கு முன்பே, ஊரைவிட்டு அகலாத ஒரு தந்தையின் நடுங்கும் கேமரா தன் சாட்சியத்தை முழுமையாகச் சொல்லி முடித்திருந்தது.