'ஐ7 வாங்குங்க' என்று சொல்வதற்கு முன்



எஸ்.பி.எம். முடித்த பிள்ளைக்கு என்ன மடிக்கணினி வாங்கலாம்? இந்தக் கேள்விக்கு நம்மவர்கள் சொல்லும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "ஐ7 வாங்குங்க, தனி கிராஃபிக்ஸ் கார்டு இருக்கணும்." நல்ல எண்ணத்தோடு சொல்கிறோம். ஆனால், இது அரைகுறை அறிவுரை. இதை நம்பிப் பெற்றோர் கைக்காசைப் போடுகிறார்கள் என்பதால் கொஞ்சம் சரிபார்ப்போம்.

முதலில் செயலி. 'ஐ7' என்பது வரிசையின் பெயர். வேகத்தின் அளவு அல்ல. 2016-இல் வந்த இன்டெல் ஐ7-7500யு செயலியில் 2 கோர்கள்தான். அடுத்த ஆண்டே வந்த ஐ5-8250யு-வில் 4 கோர்கள். பெயரில் தம்பி, வேலையில் அண்ணன்! மேலும், அந்த ஐ7 விண்டோஸ் 11-க்கான அதிகாரப்பூர்வப் பட்டியலில் இல்லை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவோ 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. செகண்ட் ஹேண்டில் 'மலிவான ஐ7' தேடுகிறவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்கணும்.

ஏஎம்டி செயலியிலும் எண்ணைப் படிக்கத் தெரியணும். ரைசன் 5 7520யு புதிய 7000 வரிசை மாதிரி தெரியும். மூன்றாவது இலக்கத்தைப் பாருங்க: 2. அதாவது, 2019-இல் அறிமுகமான ஸென் 2 வடிவமைப்பு. 7530யு என்றால் ஸென் 3.

கடைசி எழுத்துக்கும் பொருள் உண்டு. 'யு' மின்சாரத்தைச் சிக்கனமாகச் செலவழிக்கும். 'எச்' கனமான வேலைக்கு. சூடும் எடையும் பொதுவாகக் கூடும்.

அடுத்து கிராஃபிக்ஸ். பாடக்குறிப்பு, படவில்லை, இணைய வகுப்பு, சிறு காணொளி வெட்டி ஒட்டுவது ஆகியவற்றுக்குச் செயலியோடு வரும் கிராஃபிக்ஸே போதும். முப்பரிமாண வடிவமைப்பு, கனமான காணொளித் தொகுப்பு, பெரிய விளையாட்டுகள் என்றால்தான் தனி கார்டு தேவை. அதிலும் பெயரை மட்டும் நம்ப முடியாது. மடிக்கணினிக்கான ஆர்டிஎக்ஸ் 4060, தயாரிப்பாளர் தரும் மின்சாரத்தைப் பொறுத்து 35 வாட் முதல் 115 வாட் வரை இயங்கும். ஒரே பெயர், வேறு வேறு வேகம்.

இந்த அறிவுரையின் பெரிய குறை, அது சொல்லாமல் விட்டதில் இருக்கிறது. ரேம் எவ்வளவு? எஸ்எஸ்டி இருக்கா? பின்னால் ரேம் கூட்ட முடியுமா, அல்லது பலகையோடு பற்றவைத்துவிட்டார்களா? 4 ஜிபி ரேமோடு வரும் ஐ7-ஐ விட, 16 ஜிபி ரேமும் எஸ்எஸ்டியும் உள்ள புதிய ஐ5 அன்றாட வேலையில் உங்களைக் காக்க வைக்காது.

ஐ7 வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. இனி யாராவது கேட்டால், "என்ன மாடல்?" என்று தொடங்காதீங்க. "பிள்ளை என்ன படிக்கப் போறான்?" என்று கேளுங்க. பதில் அங்கிருந்துதான் வரணும்.