கதைக்கு எழுதிய பாட்டு

2025 செப்டம்பரில் ஜப்பானியப் பாடகர் கென்ஷி யோனெசு ஒரே சிங்கிளில் இரண்டு பாடல்களை வெளியிட்டார். இரண்டுமே 'செயின்சா மேன்' அனிமே திரைப்படத்துக்காக எழுதியவை. ஒன்று 'ஐரிஸ் அவுட்': காட்சி வட்டமாகச் சுருங்கி இருளில் மறையும் பழைய சினிமா உத்தியின் பெயர். படத்தின் முடிவில் ஒலிக்கும் 'ஜேன் டோ' மற்றொன்று. அதில் உடன் பாடியிருப்பவர் உடாடா ஹிகாரு. பெயரைச் சொன்னாலே ஜப்பான் முழுக்கத் தெரிந்த இருவர். அப்படிப்பட்டவர்கள் சேர்ந்து பாடினாலும், பாட்டு ஒரு கதையின் கையைப் பிடித்துக்கொண்டுதான் வெளியே வருகிறது.

இந்த வழக்கத்துக்கு அங்கே 'டை-அப்' என்று பெயர். புதுப் பாடல் தனியாக வராது; ஒரு விளம்பரத்தோடோ, தொலைக்காட்சித் தொடரோடோ, அனிமேயோடோ இணைந்து வரும். 1980களில் அழகுசாதன விளம்பரங்கள் இந்த வேலையைச் செய்தன. 1991இல் 'டோக்கியோ லவ் ஸ்டோரி' தொடருக்கு ஓடா கசுமாசா பாடிய பாடல் 25 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. இன்று அந்த இடம் பெரும்பாலும் அனிமேயுடையது.

அரை மணி நேர அத்தியாயத்தின் தொடக்கத்தில் பாட்டுக்குக் கிடைப்பது சுமார் 89 வினாடி. முன்னிசை, சரணம், பல்லவி எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். அதே 89 வினாடி வாராவாரம், பன்னிரண்டு பதின்மூன்று வாரம் காதில் விழும். இதைவிடப் பெரிய விளம்பரம் ஒரு பாட்டுக்கு வேறு எது?

ஒரு காலத்தில் இது வெறும் இடவாடகை போலத்தான் இருந்தது. 1996இல் 'ருரோனி கென்ஷின்' அனிமேயின் முகப்பில் ஜூடி அண்ட் மேரி குழுவின் 'சோபகசு' ஒலித்தது. கதையோ 1878ஆம் ஆண்டு ஜப்பானில், இனிக் கொல்வதில்லை என்று உறுதிபூண்ட வாள்வீரனைப் பற்றியது. பாட்டோ தன் முகப்புள்ளிகளை வெறுக்கும் பெண்ணின் காதல் ஏக்கம். நல்ல பாட்டுதான்; ஆனால் கதையின் பக்கம் அது திரும்பியே பார்க்கவில்லை.

அந்த அலட்சியம் இப்போது பெருமளவு போய்விட்டது. கதையை ஊன்றிப் படித்துவிட்டு எழுதுகிறார்கள். இதுவே இந்த வழக்கத்தின் ஆகப் பெரிய பலன். 2023இல் யோஅசோபி என்ற இரட்டையர் குழு வெளியிட்ட 'ஐடல்' பாடலையே எடுத்துக்கொள்ளலாம். 'ஓஷி நோ கோ' மங்காவின் கதாசிரியர் அகாசகா அகா இதற்கென ஒரு சிறுகதை எழுதிக் கொடுத்தார். அதை வைத்து இசையமைத்தார் குழுவின் அயாசே. ஐ என்ற நட்சத்திரப் பாடகியை முதலில் ஊர் வியக்கிறது. அடுத்து, அவளோடு மேடையேறும் தோழிகள் பொறாமையில் கடுகடுக்கிறார்கள். கடைசியில்தான் அவளே வாய் திறக்கிறாள். குழுவின் பாடகி இகுராவின் குரல் மூன்று இடத்திலும் மூன்று ஆளாக மாறுகிறது. ஒரு சிறுகதை செய்ய வேண்டியதை மூன்றரை நிமிடத்தில் முடிக்கிறது பாட்டு. பில்போர்டு ஜப்பான் பட்டியலில் தொடர்ந்து 21 வாரம் அது முதலிடத்தில் இருந்ததில் வியப்பில்லை.

சில நேரம் கதையும் பாடகரின் வாழ்வும் ஒன்றையொன்று தொட்டுவிடும். 2018இல் வந்த 'அன்னேச்சுரல்' தொடர், காரணம் தெரியாத மரணங்களை ஆராயும் மருத்துவர்களைப் பற்றியது. அதற்காக 'லெமன்' பாடலை எழுதிக்கொண்டிருந்தபோதே யோனெசுவின் தாத்தா இறந்துபோனார். கேட்டு வாங்கிய பாட்டு, சொந்த இழவுக்கு அழுத பாட்டாகிவிட்டது. அதே ஆண்டின் கடைசி இரவில், என்எச்கே தொலைக்காட்சியின் கோஹாகு என்ற ஆண்டிறுதி இசை நிகழ்ச்சிக்காகத் தன் சொந்த மாவட்டமான தொகுஷிமாவிலிருந்து அதை அவர் பாடினார்.

இத்தனை இருந்தும் இந்த வழக்கத்தை முழு மனதோடு பாராட்ட முடியவில்லை. பணத்தின் போக்கு முதல் காரணம். 'டீமன் ஸ்லேயர்' அனிமே படத்தின் பின்னால் இருக்கும் அனிபிளெக்ஸ், சோனி மியூசிக் ஜப்பானின் துணை நிறுவனம். அந்தப் படத்தின் பாடலான 'ஹோமுரா'வைப் பாடிய லிசாவும் சோனி குடும்பத்தவர். 2020 அக்டோபர் 14இல் பாட்டு, 16இல் படம். 'ஹோமுரா' அந்த ஆண்டின் ஜப்பான் ரெக்கார்டு விருதுக்கு உரிய பாட்டுதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் மேடையும் பாடகரும் ஒரே வீட்டில் இருந்தால், வாசலுக்கு வெளியே நிற்கும் சிறிய பாடகருக்கு எப்போது முறை வரும்?

உள்ளே வந்தவருக்கும் உறுதியில்லை. 2022இல் 'செயின்சா மேன்' தொடரின் 12 அத்தியாயங்களுக்கு 12 வெவ்வேறு முடிவுப் பாடல்கள். துணிச்சலான யோசனை. ஆனால் வாராவாரம் காதில் ஊறியது யோனெசு பாடிய 'கிக் பேக்' என்ற முகப்புப் பாடல் ஒன்றுதான். முடிவுப் பாடல்களுக்குத் தலைக்கு ஒரு வாரமே கிடைத்தது.

பில்போர்டு ஜப்பானின் ஆண்டுப் பட்டியல் இன்னொன்றைக் காட்டுகிறது. 2020இல் முதலிடம் யோஅசோபியின் 'யோரு நி காகேரு', 2021இல் யூரியின் 'டிரை ஃபிளவர்'. இரண்டும் அனிமே துணையின்றி, இணையத்தில் வாய்வழியாகப் பரவியவை. அடுத்த மூன்று ஆண்டுகளில் முதலிடம் பிடித்தவை ஏமரின் 'ஸான்கியோசாங்கா', 'ஐடல்', கிரீப்பி நட்ஸின் 'பிளிங்-பேங்-பேங்-பார்ன்'. மூன்றும் அனிமே பாடல்கள். ஒரு பிரிவை, ஒரு சாதாரண மாலையை யாருக்கும் கட்டுப்படாமல் பாடும் பாட்டு உச்சிக்கு வருவது அரிதாகிக்கொண்டிருக்கிறது. இது இழப்பு.

டை-அப் நல்ல எழுத்தாளர் கையில் நல்ல பாட்டைத் தருகிறது. அதுவே ஒரே வாசலாகிவிடக் கூடாது. 'ஐரிஸ் அவுட்' பிடித்தவர்கள் 2012இல் யோனெசு வெளியிட்ட 'டயோராமா' ஆல்பத்தையும் ஒருமுறை தேடிக் கேளுங்கள். பாட்டும் அட்டை ஓவியமும் அவரே செய்தவை. எந்த அனிமேயும் அதற்குப் பின்னால் இல்லை.