செவிக்கும் பகுத்தறிவு வேண்டும்!

ஏட்டில் படிப்பதை ஆராய்கிறோம். மேடையில் கேட்பதை நிறுத்துப் பார்க்கிறோம். பாட்டி சொன்னாள், பஞ்சாங்கம் சொல்லிற்று என்றால், ‘ஏன்?’ என்று எதிர்க்கேள்வி போடுகிறோம். ஆனால் செவியில் விழும் இசையை மட்டும் ‘பிடிக்கிறது’, ‘பிடிக்கவில்லை’ என்ற இரண்டே சொற்களில் முடித்துவிடுகிறோம். பக்திப் பாட்டா? நிறுத்து! நம்மவர் பாட்டா? கூட்டு ஒலியை! இதுதான் நம் இளைஞர் பலரின் இசை இலக்கணம். உறையின்மேல் உள்ள முகவரியைப் பார்த்தே கடிதத்திற்கு மதிப்பெண் போடுவது போன்றது இது. பிடிக்கிறது என்பது உணர்ச்சி. ஏன் பிடிக்கிறது என்று சொல்லத் தெரிவதே விமர்சனம்.

உளுந்தூர்பேட்டையில் இருப்பவனுக்கு இந்தக் கேள்வியிலிருந்து தப்ப வழியில்லை. சென்னையிலிருந்து திருச்சிக்குப் போகும் பெருஞ்சாலையிலிருந்து சேலத்துச் சாலை பிரிகின்ற ஊர் இது. நாலு திக்கிலிருந்தும் வரும் வண்டிகள் நாலு விதமான இசையை இறக்கிவிட்டுப் போகின்றன. விடியற்காலையில் தேநீர்க் கடையில் பக்திப் பாட்டு. நண்பகலில் பேருந்தில் திரைப்பாட்டு. மாலையில் இளைஞர் கைப்பேசியில் சொல்லிசை. யாரேனும் மறைந்தால் தெருவில் பறை. இத்தனையும் கேட்கும் செவி, எதை வைத்து எதை எடைபோடுவது? என் தராசை இங்கே வைக்கிறேன். எடைக்கல் சரியா என்று தோழர்களே பார்த்துக்கொள்ளட்டும்.

முதலில் நம் ஊர்ப் பெயரைச் சுமந்த தட்டையே எடுத்துக்கொள்வோம். உளுந்தூர்பேட்டை சண்முகம் எழுதி, சீர்காழி கோவிந்தராசன் பாடிய பிள்ளையார் பாட்டு தமிழ்நாட்டில் ஒலிக்காத சிற்றூர் இல்லை. வினையைத் தீர்க்க யானைமுகத்தோன் வரவேண்டும் என்பதில் எனக்கு உடன்பாடில்லை. வினையைத் தீர்க்க வேண்டியவன் மனிதன்தான். ஆனால் பாட்டைக் கேளுங்கள்! ஓர் எழுத்துச் சிதையவில்லை. ஒரு சொல் மெட்டுக்கு அடியில் நசுங்கவில்லை. எழுத்தறியாத உழவனும் இடையில் ஒருவர் விளக்க வேண்டாமல் பொருள் கொள்கிறான். இது தற்செயலன்று. 1943இல் தோன்றிய தமிழிசைச் சங்கத்தின் இசைக் கல்லூரியில் பயின்று ‘இசைமணி’ பட்டம் பெற்றவர் சீர்காழி. தமிழ்நாட்டு மேடையில் தமிழ்ப் பாட்டு கடைசியில் பாடப்படும் ‘துக்கடா’வாக இருந்த இழிவை எதிர்த்து எழுந்த கிளர்ச்சியின் விளைச்சல் அந்தக் குரல். கருத்தை மறுக்கிறேன், கலையை வணங்கவில்லை, மதிக்கிறேன்.

‘பக்தனுக்கா பாராட்டு?’ என்று புருவம் நெரிக்கும் தோழருக்கு ஒரு கேள்வி. நாகூர் அனிபாவைக் கேட்டதுண்டா? கழக மேடைகளில் கடல்போல் திரண்ட மக்களைக் குரலால் கட்டிப்போட்டவர். அந்தக் குரலே இறைவனிடம் கையேந்தச் சொல்லியும் பாடிற்று. அதைக் கேட்டு நாம் காதைப் பொத்திக்கொண்டோமா? இல்லை. நம்மவர் பாடினால் நயம், பிறர் பாடினால் நஞ்சு என்பது பகுத்தறிவாகாது; அது பற்று. இருவருக்கும் ஒரே தராசுதான். அந்தத் தராசில், அடிவயிற்றிலிருந்து எழும் அனிபாவின் அழைப்பு கூட்டத்தை எழுப்புவதில் இணையற்றது. தனியே இருப்பவன் நெஞ்சோடு பேசுவதில் சீர்காழி ஒரு படி மேல் என்பது என் கருத்து.

சொல்லே இல்லாத இசையை எப்படி எடைபோடுவது? திருவாவடுதுறை இராசரத்தினம் பிள்ளையின் தோடி இசைத்தட்டு அதற்கு விடை. அதில் தெய்வத்தின் பெயரும் இல்லை, தலைவனின் பெயரும் இல்லை. ஒரு மனிதனின் மூச்சு, அவ்வளவே. நாயனக்காரன் மேல்துண்டை இடுப்பில் கட்டி, சாமிக்கு முன்னால் நின்றுகொண்டே ஊதவேண்டும் என்றிருந்த காலத்தில், அங்கி அணிந்து அமர்ந்து வாசிப்பேன் என்று நிமிர்ந்தவர் அவர். அந்த நிமிர்வு தோடியிலும் கேட்கிறது. மேல்நோக்கி ஏறும் ஒவ்வொரு பிடியும் ‘யாரிடமும் கேட்டுக்கொண்டு ஏறவில்லை’ என்பதுபோல் ஏறுகிறது. சொல்லில்லாத இசைக்கும் தன்மானம் உண்டு.

பண்ணைப்புரத்தில் பிறந்து, அண்ணன் பாவலர் வரதராசனோடு பொதுவுடைமை மேடைகளில் பாடித் திரிந்த இளையராசா, 1986இல் ‘இதற்கு என்ன பெயரிடுவது?’ என்ற பொருளில் ஆங்கிலப் பெயரிட்டு ஓர் இசைத்தொகுப்பு வெளியிட்டார். தியாகராசருக்கும் செருமானிய மேதை பாக் என்பவருக்கும் அதைக் காணிக்கையாக்கினார். இருவரையும் ஓர் ஊர்த் திண்ணையில் உட்கார வைத்துப் பேசவிட்டதுபோல் இருக்கிறது அது. வி. எசு. நரசிம்மனின் வயலின் ஒரு மொழியில் தொடங்கி மறுமொழியில் முடிக்கிறது. எங்கே தாண்டியது என்று தெரியவில்லை. ‘இந்த இசை இந்தக் குலத்தார்க்கே உரியது’ என்ற பழம்பேச்சுக்கு நூறு சொற்பொழிவு தரமுடியாத மறுப்பு இது.

அதே இளையராசாவின் 2005ஆம் ஆண்டுத் திருவாசகத்தில் எனக்குக் குறை உண்டு. புடாபெசுட்டு நகரத்துப் பேரிசைக் குழு எழுப்பும் பெருக்கம் மெய்சிலிர்க்க வைக்கிறது. ஆனால் அமெரிக்கப் பாடலாசிரியர் சுடீபன் சுவார்ட்சு எழுதிய ஆங்கில வரிகள் நடுவே வரும்போது, உறுதியான சுவருக்கு யாரோ மூங்கில் முட்டுக் கொடுத்ததுபோல் தோன்றுகிறது. உலகம் கேட்கவேண்டுமென்றால் நம் சொல்லை மாற்றவா வேண்டும்? இத்தாலியப் பாட்டைக் கேட்க நாம் மொழிபெயர்ப்புக் கேட்டோமா?

இனி இளைஞரின் சொல்லிசை. மலேசியத் தமிழரான யோகி பி, நட்சத்திரா குழுவினரோடு 2006இல் தந்த ‘வல்லவன்’ தமிழ்ச் சொல்லுக்கு ஓடத் தெரியும் என்று காட்டிற்று. எதுகையும் மோனையும் புலவர் வீட்டுச் சொத்தல்ல, தெருப்பிள்ளை கையிலும் துள்ளும் என்று மெய்ப்பித்தது. குறை? தற்பெருமை மிகுதி. ‘நானே வல்லவன்’ என்று முழங்குபவன், எதற்காக வல்லவன் என்பதையும் சொல்லவேண்டும்.

அதைச் சொன்னவர்கள் பின்னர் வந்தார்கள். 2018 சனவரி 6ஆம் நாள் சென்னையில் முதன்முதலாக மேடையேறியது, பா. இரஞ்சித்தும் தென்மாவும் உருவாக்கிய ‘காசுட்லெசு கலெக்டிவ்’ என்னும் சாதியற்றோர் இசைக்குழு. சாவு வீட்டு வாசலோடு நிறுத்தப்பட்ட சட்டியும் பறையும் கிதாரோடு சரிசமமாக மேடையேறின. அதுவே ஒரு தீர்ப்பு! இடஒதுக்கீட்டைப் பற்றிய அவர்கள் பாட்டில் கானாவின் கேலி வாதத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடுகிறது. சிரித்து முடிக்கும்போதுதான் நாம் வாதத்தில் தோற்றது தெரிகிறது. 2019இல் அறிவு வெளியிட்ட ‘தெருக்குரல்’ இன்னும் கூர்மை. ஆயினும் சில பாட்டுகளில் முழக்கங்கள் வரிசையாக வந்து நிற்கின்றன. மெட்டுக்கு மூச்சுவிட இடமில்லை. உண்மையைச் சொல்கிறது என்பதற்காக மட்டும் ஒரு பாட்டு நல்ல பாட்டாகிவிடாது. உண்மை, மறுநாளும் வாயில் முணுமுணுக்கப்படவேண்டும்.

இங்கேதான் நமக்குரிய பாடம் இருக்கிறது. பிள்ளையார் பாட்டு விடியற்காலையில் தானாக ஒலிக்கிறது. நம் பாட்டு மாநாடு நடக்கும்போதுதான் ஒலிக்கிறது. ஏன்? கருத்தில் நாம் இளைத்தவர்களா? இல்லை. அவர்கள் எளிமைக்கு உழைத்தார்கள். நாம் முழக்கத்தோடு நின்றுவிட்டோம். முடியாதது அன்று இது. அண்ணா கதை வசனம் எழுதிய ‘ஓர் இரவு’ படத்தில் 1951இல் இடம்பெற்ற பாரதிதாசன் பாட்டு, எந்தக் கடவுளையும் கூப்பிடாமல், துயருற்றவன் யாழிசை கேட்டு ஆறுதல் தேடுவதையே பாடிற்று. இன்றும் இசையரங்குகளில் பாடப்படுகிறது. பாடுபவர் கட்சியை யாரும் கேட்பதில்லை. அந்த வழியில் இன்னும் பத்துப் பாட்டு வேண்டும்.

கூவாகமும் கூத்துப் பாட்டும் நம் பக்கத்தில். பறையடிக்கும் தோழர் நம் தெருவில். மங்கல வீட்டுக்கு அவரை அழைக்காத ஊர், அவர் கை அடியைத் திரைப்படத்தில் கேட்டால் மட்டும் ஆடுகிறது! படிப்பகத்தில் மாதம் ஒரு மாலை ஒதுக்குங்கள். பாடியவர் பெயரைச் சொல்லாமல் ஒரு பாட்டை ஒலிக்கவிடுங்கள். சொல் விளங்குகிறதா, உழைப்புத் தெரிகிறதா, கேட்டவன் நிமிர்கிறானா, குனிகிறானா என்று வாதாடுங்கள். பெயரைப் பிறகு சொல்லுங்கள். அடுத்த மாதம், அந்தப் பறைத் தோழரை அழைத்து, நாற்காலியில் அமர்த்தி, அவர் பெயரைச் சொல்லி வாசிக்கச் சொல்லுங்கள். ஊர் வியக்கும்; சிலர் முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும், அவர்கள் செவிக்கும் வேலை கொடுத்தாற்போல் ஆகும்!