வண்டி போனால் போகட்டும்!

ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணி. ஹாங்காங்கில், கல்யாண மண்டபம் மாதிரி ஒரு ஹால். முந்நூறு பேர் இருப்பார்கள். முந்நூறு பேரும் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள். ஒவ்வொரு வட்ட மேஜையிலும் தாத்தா, பாட்டியில் ஆரம்பித்துக் கைக்குழந்தை வரை மூன்று தலைமுறை. நடுவில் ஆவி பறக்கும் தள்ளுவண்டிகள். அவற்றைத் தள்ளி வரும் நடுத்தர வயதுப் பெண்மணிகள், நம் ஊர் ரயிலில் 'காபி... காபி...' என்று வருவார்களே, கிட்டத்தட்ட அதே ராகத்தில் 'ஹார் காவ்... சியூ மாய்...' என்று கூவுகிறார்கள்.

"டேய், இதைத்தானே பார்க்கணும்னு சொன்னே? நல்லாப் பார்த்துக்கோ. ஒவ்வொரு இடமா வண்டியை நிறுத்திக்கிட்டே வர்றான்" என்றான் நண்பன். என்னோடு பி.காம். படித்தவன். கப்பல் கம்பெனியில் கணக்கெழுதப் போய், இருபது வருஷமாக அங்கேயே தங்கிவிட்டவன்.

டிம் சம் என்பதற்கு எழுத்துக்கு எழுத்து அர்த்தம் பார்த்தால் 'மனசைத் தொடுவது' என்று வரும். நம் பாஷையில் டிபன். ஆனால், கான்டனீஸ்காரர்கள் 'டிம் சம் சாப்பிடப் போகலாம்' என்பதைவிட 'யம் சா' என்றுதான் அதிகம் சொல்கிறார்கள். அப்படியென்றால் டீ குடிப்பது. டீதான் தலைவர், தின்பண்டமெல்லாம் தொண்டர்கள்.

உட்கார்ந்ததுமே 'என்ன டீ?' என்று கேட்டுவிடுகிறார்கள். மல்லிகை, செவ்வந்தி, கறுப்பாக மண் வாசனையடிக்கும் பூ-ஏர் என்று வகைகள். முதல் டீயைக் குடிக்காமல் கிண்ணத்தையும் குச்சிகளையும் அதிலேயே கழுவிக் கொட்டினான் நண்பன். பக்கத்து மேஜையிலும் அதே சடங்கு. அடுத்தவர் நமக்கு டீ ஊற்றினால் நன்றி சொல்ல வாயைத் திறக்க வேண்டாம், இரண்டு விரலால் மேஜையைத் தட்டினால் போதும். மாறுவேஷத்தில் ஊர் சுற்றிய சியன்லுங் சக்கரவர்த்தி தன் ஆளுக்கு டீ ஊற்றினாராம். விழுந்து கும்பிட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும் என்று, அவன் விரல்களை மடக்கி மேஜையிலேயே மண்டியிட வைத்தானாம். கதைதான். ஆனாலும் ஹால் முழுக்க இன்றைக்கும் தட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

மேஜையில் ஒரு அட்டை. கூடை வாங்க வாங்க அதில் முத்திரை குத்துவார்கள். சின்னது, நடுத்தரம், பெரிசு, ஸ்பெஷல் என்று நாலைந்து விலைக் கட்டம். தலைக்கு இவ்வளவு என்று டீக்குத் தனிக் காசு. போதாததற்கு பத்து சதவிகித சர்வீஸ் சார்ஜ். பி.காம். படித்தவனுக்கு இதைவிடத் தெளிவான லெட்ஜர் கிடையாது.

எல்லாம் சரி. சாப்பாடு?

ஹார் காவ் எடுத்தேன். இறால் கொழுக்கட்டை. குச்சியால் தூக்கியதும் தோல் அடியில் ஒட்டிக்கொண்டு கிழிந்தது. இறால் கீழே, தோல் மேலே. ஆறியும் போயிருந்தது. அந்தக் கூடை எத்தனை மேஜையைச் சுற்றிவிட்டு எங்களிடம் வந்ததோ!

இந்த ஒரு பண்டத்தை வைத்தே ஒரு சமையலறைக்கு மார்க் போட்டுவிடலாம். பசை சத்தை எடுத்துவிட்ட கோதுமை ஸ்டார்ச், கூடக் கொஞ்சம் மரவள்ளி ஸ்டார்ச். நாம் கொழுக்கட்டை மாவுக்குச் செய்கிற மாதிரி கொதிக்கிற தண்ணீரை ஊற்றிக் கிளற வேண்டும். இந்த மாவு சப்பாத்தி மாவு போல இழுத்தால் நீளாது. அதனால் எண்ணெய் தடவிய அகலக் கத்தியின் பக்கவாட்டால் ஒரே அழுத்து, ஒரே திருப்பு. வட்டமான மெல்லிய தோல் வந்துவிடும். அதில் இறாலும் துளி மூங்கில் குருத்தும் வைத்து மடிப்பு போட வேண்டும். குறைந்தது ஏழு, கெட்டிக்காரர் என்றால் பத்துக்கு மேல். நாலைந்து நிமிஷம் ஆவி. தோல் கண்ணாடி மாதிரி இருந்து உள்ளே இறாலின் சிவப்பு தெரிய வேண்டும், தூக்கினால் கிழியக் கூடாது, கடித்தால் இறால் நறுக்கென்று இருக்க வேண்டும். ஆறினால் தோல் இறுகிவிடும். ஆவியிலேயே வைத்திருந்தால் கூழாகிவிடும்.

வண்டிக்கு வில்லன் இந்தச் சில நிமிஷங்கள்தான்.

மறுநாள் ஒரு சின்னக் கடைக்குக் கூட்டிப்போனான். பத்துப் பன்னிரண்டு மேஜை. வண்டி கிடையாது. ஒரு சீட்டும் பென்சிலும் கொடுத்தார்கள், வேண்டியதை டிக் அடிக்கணும். பரீட்சை எழுதுகிற மாதிரி இருந்தது. கூவல் இல்லை, ராகம் இல்லை. ஹார் காவ் வந்தது. தூக்கினேன். கிழியவில்லை. வாயில் போட்டதும் கண்ணில் தண்ணீர், அவ்வளவு சூடு! இறாலின் இனிப்பு மட்டும் நாக்கில் நின்றது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். நமக்குப் பழக்கமான 'சைனீஸ்' வேறு. மஞ்சூரியன் என்பதே 1975-ல் பம்பாயில் நெல்சன் வாங் கண்டுபிடித்தது என்றுதான் சொல்கிறார்கள். பூண்டு, மிளகாய், சோயா சாஸ், சோள மாவு என்று காரசாரமான கூட்டணி. அந்த நாக்கோடு போனால் கான்டனீஸ் சமையல் 'சப்'பென்றுதான் இருக்கும். மசாலா இல்லாததால் மறைப்பதற்கு இடமில்லை. இறால் பழசென்றால் முதல் கடியிலேயே காட்டிக்கொடுத்துவிடும்.

கோழிக்கால்? நண்பன் விடவில்லை. பொரித்து, ஊறவைத்து, வேகவைத்து, மறுபடி ஆவியில் ஏற்றிய சமாசாரம். இவ்வளவு உழைப்பையும் மதித்து ஒன்று சாப்பிட்டேன். மதித்ததோடு சரி.

வண்டி போகிறதே என்று அங்கே பல பேருக்கு வருத்தம். வெலிங்டன் தெருவிலிருந்த பழம்பெரும் லின் ஹியுங் டீக்கடை 2022-ல் மூடியபோது கூட்டம் கூட்டமாகப் போய்ப் படம் எடுத்துக்கொண்டார்கள். 2024-ல் மறுபடி திறந்துவிட்டார்கள். அந்த ஏக்கம் எனக்கும் புரிகிறது. பாஷை தெரியாதவனுக்கு வண்டியைப் போல ஒரு வரப்பிரசாதம் கிடையாது. மூடியைத் திறந்து காட்டுவார்கள், விரலை நீட்டினால் போதும்.

ஆனால், கணக்குப் போட்டுப் பாருங்கள். வண்டி ஓட அகலமான ஹால் வேண்டும், தள்ள ஆள் வேண்டும், விற்காத கூடையெல்லாம் நஷ்டம். ஹாங்காங் வாடகையில் இது கட்டுப்படியாகாது. நாக்குக்கும் அதில் லாபமில்லை. 2009-ல் டிம் ஹோ வான் என்று மோங் காக் பகுதியில் ஒரு குட்டிக்கடை திறந்தார் மாக் க்வாய் புய். அதற்கு முன்பு லுங் கிங் ஹீன் என்ற மூன்று மிஷெலின் ஸ்டார் ஓட்டலில் டிம் சம் செய்தவர். சீட்டில் டிக் அடிக்கிற அந்தக் கடைக்கு 2010 மிஷெலின் கையேட்டில் ஒரு ஸ்டார் கிடைத்தது. வண்டியைப் பார்த்தா கொடுத்தார்கள்? கையைப் பார்த்துக் கொடுத்தார்கள்.

எனக்குக் கவலை அந்தக் கையைப் பற்றித்தான். விடியுமுன் எழுந்து, வருஷக்கணக்கில் மடிப்பு பழகுகிற வேலைக்கு எந்த இளைஞன் வருவான்? தொழிற்சாலையில் செய்து உறையவைத்த கொழுக்கட்டையை வாங்கி ஆவியில் வைத்துக் கொடுக்கிற கடைகள் அங்கேயும் வந்துவிட்டன. அதே டிம் ஹோ வான் பல நாடுகளில் கிளை பரப்பி, இன்று பிலிப்பைன்ஸின் ஜாலிபீ குழுமத்தின் கையில் இருக்கிறது. கிளையைப் பெருக்கப் பணம் போதும். கையைப் பெருக்க? கூடை விலை ஏறினால் முகம் சுளிக்கிற நாமும் இதில் பங்குதாரர்கள்தான்.

"வண்டியை வெச்சுக்கிட்டு, தொழிற்சாலைச் சரக்கை அதில் ஏத்தி வந்தா உனக்குச் சந்தோஷமா?" என்று நண்பனைக் கேட்டேன். பதில் சொல்லவில்லை. டீ ஊற்றினான். தட்டினேன்.

ஹாங்காங் போகிறவர்களுக்கு இரண்டு விஷயம். சைவக்காரர்கள் முள்ளங்கி கேக் என்ற பெயரை நம்பி ஏமாற வேண்டாம். உள்ளே காய்ந்த இறாலும் பன்றி சாசேஜும் ஒளிந்திருக்கும். மற்றவர்கள், முதலில் ஒரே ஒரு கூடை ஹார் காவ் சொல்லுங்கள். மடிப்பை எண்ணுங்கள். குச்சியால் தூக்குங்கள். கிழியாமல் வந்தால் மீதி ஆர்டரைக் கொடுக்கலாம். கிழிந்தால் டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

டீக்குத்தான் எப்படியும் காசு போட்டிருப்பார்களே!