திமிங்கிலத்தின் காட்டு உறவு

பன்விலவின் தேயிலை மலைகளுக்கு அப்பால் எழும் நக்கிள்ஸ் காடுகளில் சருகுமான் உண்டு. முயலளவு உடம்பு, குச்சிக் கால்கள், கொம்பே கிடையாது. 2008இல் இலங்கையில் கீரி துரத்திய சருகுமான் ஒன்று குளத்தில் பாய்ந்து, நீருக்கடியிலேயே நீந்தியதை இயற்கை ஆர்வலர்கள் நேரில் பார்த்தார்கள்.

ஏறக்குறைய 4.8 கோடி ஆண்டுகளுக்கு முன் காஷ்மீர்ப் பகுதியில் இதே வித்தையைக் கற்றிருந்தது இந்தோஹையஸ் என்ற பழங்கால விலங்கு.

காலாகோட் அருகே புவியியலாளர் ரங்கா ராவ் சேர்த்த பாறைகள், அவர் மறைந்தபின் மனைவி வழியாக ஆய்வாளர் ஹான்ஸ் தெவிசனிடம் வந்தன. அவற்றைச் சுத்தம் செய்கையில் உள்ளிருந்த இந்தோஹையஸ் மண்டையோட்டின் காதெலும்பு தற்செயலாக உடைந்தது. உள்ளே பார்த்தால், ஒரு பக்கச் சுவர் மட்டும் தடித்துச் சுருண்டிருந்தது! திமிங்கில இனத்துக்கே உரியதென்று அதுவரை நம்பப்பட்ட தடிப்பு அது. எவ்வளவு அழகான விபத்து! 2007இல் 'நேச்சர்' இதழ் அதை உலகுக்குச் சொன்னது.

கால் எலும்புகளும் கெட்டி. ஆற்றடியில் மிதக்காமல் நடக்க அந்தக் கனம் உதவியிருக்கும். பல் எனாமலில் பதிந்த ஆக்சிஜனும் நீர்வாழ்வையே காட்டுகிறது. உணவு வேறு கதை. கரையில் இலைதழை மேய்ந்ததோடு, நீரிலிருந்த சிற்றுயிர்களையும் அது தின்றிருக்கலாம் என்பது ஆய்வாளர் கருத்து. மீன் வேட்டை பின்னால் வந்த திமிங்கிலங்களின் பழக்கம்.